முப்பத்தொரு மணி நேரம்

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள் என்றுதான் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவள் என் மகளின் வளைகாப்பில் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

இழுத்தடிக்காமல் சுகப்பிரசவம் கண்டவள்தான் முதல் வளையல் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "ஒங்களுக்கு எப்படிக்கா?" என்று பெண்கள் கேட்டார்கள். "எனக்கென்ன, இவ ரெண்டு மணி நேரத்துல வந்துட்டா லா!" என்று சிரித்துக்கொண்டே வளையலை எடுத்தேன். உண்மையில் முப்பத்தொரு மணி நேரம். வேலை செய்து பழகாத உடம்பு, அதனால்தான் இழுத்துக்கொண்டு போகிறது என்று மாமியார் அன்று ஊரெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சு என் மகளுக்கும் ஒட்டிவிடக் கூடாதே என்று பயந்தேன்.

மகளுக்கு வலி கண்டது ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் ஆகியும் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை. மருமகன் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரிமா. மாசமா இருந்தப்ப நான் ஒழுங்கா வாக்கிங் போகல போல. ஒங்கள மாதிரி எனக்கு முடியல" என்றாள்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் திறக்கவில்லை, பாவி.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, நம் தமிழ்ப் பெண்தான். பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கு, இன்னும் பாக்கலாம்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஆன்ட்டி, ஒங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? ஆளுக்கு ஆள் ஜீன் கொஞ்சம் மாறும். கர்ப்பப்பை எப்படிச் சுருங்குதுங்கிறதுல அதுக்கும் பங்கு இருக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. அம்மாவுக்கு இழுத்திருந்தா மகளுக்கும் இழுக்கலாம், அதான் கேக்குறேன்."

"ரெண்டு மணி நேரம்" என்று என் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல. முப்பத்தொண்ணு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அடுத்த வலி வந்து போனது. பிறகு, "நேத்துலேருந்து என் ஒடம்பையே திட்டிக்கிட்டு இருந்தேன்மா. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றாள். கையை உருவிக்கொண்டாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பெற்றவள் செய்கிற காரியமா அது?

மாலை ஆறரைக்குப் பெண் குழந்தை பிறந்தது, வயிற்றில் கத்தி வைக்காமலே. வார்டுக்கு மாற்றிய பிறகும் அவள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மருமகன்தான் குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்தான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்ல, நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மா" என்றாள். "அந்த முப்பத்தொரு மணி நேரமும் ஒங்க பக்கத்துல யாரு இருந்தா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"யாரும் இல்லடி" என்றேன்.

தையல் வலியோடு மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.