மொட்டை மாடியில் கார்ட்லெஸ்

தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் நீயேதான் பேச வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எட்டாவதோடு நின்ற எனக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் போன் என்றாலே எனக்கு நடுக்கம்.

யாரும் கேட்காமல் இருக்க, வீட்டுக் கார்ட்லெஸ் போனை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். பச்சைப் பட்டனை அமுக்கி போனை ஆன் செய்து, நம்பரை அடித்தேன். அண்ணனின் செல்போன் மாதிரி கடைசியில் பச்சையை அமுக்கினால்தான் ரிங் போகும் என்று நினைத்து, ஒத்திகையை ஆரம்பித்தேன்.

“வணக்கம் மேடம், நான் எளாவூர் செல்வி.”

சரியில்லை.

“ஹலோ அக்கா, எனக்குத் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டத் தெரியும்.”

அதுவும் தேறவில்லை.

“அக்கா, பேசறதுக்குத்தான் பயமாகீது. வேலை சூப்பரா செய்வேன்!”

கையிலிருந்த போனுக்குள் ஒரு பெண் சிரித்தாள். சூப்பர்வைசர்தான்; கார்ட்லெஸில் முதலிலேயே பச்சையை அமுக்கிவிட்டால், நம்பர் அடித்ததும் ரிங் போய்விடுமாம்!

“இன்னாம்மா, எத்தினி தபா சொல்லுவ? அக்கான்னே கூப்டு. ஓவர்லாக்குக்குத்தான் ஆளு தேடிக்கினு கீறேன். திங்கக்கெழம வந்துடு. எளாவூர் செக்போஸ்ட்டாண்ட கம்பெனி வேன் நிக்கும்.”

“சரிக்கா!” என்றேன். மாடியே அதிர்ந்திருக்கும்.

போன் பேசுவதற்கு முன்னால் நீங்களும் ஒத்திகை பார்ப்பீர்களா? எதற்கும் பச்சையை அமுக்காமல் பாருங்கள். இல்லை, வேலை வேண்டுமென்றால் அமுக்கிவிட்டே பாருங்கள்.