சோல்வை போட்ட பூட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய விருந்தாளிகள் போவார்கள். மாலை நான்கு மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். இடையில் இருக்கும் ஆறு மணி நேரம்தான் சோல்வை ஆகெர்ஸ்கோவுக்குச் சொந்தம். டென்மார்க்கில், யூட்லாந்தின் மேற்குக் கரையில், மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் விடுமுறை வீடுகளில் வெந்நீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அதற்கு முன்பு பதினோரு வருடம் விலாங்கு மீன் பண்ணையில் இருந்தாள். அங்கே தண்ணீரைச் சுத்தப்படுத்த ஓசோன் விடுவார்கள். குறைந்தால் மீன் நோயில் சாகும். கூடினால் செவுள் வெந்து சாகும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த ஜெர்மன் கையேட்டை அகராதி வைத்துப் படித்தாள். உருளைக்கிழங்கு மாவுக் கஞ்சியில் பொட்டாசியம் அயோடைடைக் கலந்து, வடிதாளை நனைத்து, உலர்த்தி, கீற்றாக வெட்டிக்கொள்வாள். ஈரப்படுத்தி நீட்டினால் ஓசோன் பட்டதும் நீலமாகும். இன்றும் அந்தக் கீற்றுகள் பழைய அதிமதுர மிட்டாய் டப்பாவில் அவள் சட்டைப்பையில் இருக்கின்றன.

அந்த அக்டோபர் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையின் நடுவில், கடைசி வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. விளிம்பைத் தடவினாள். வழுக்கியது. குமிழிகள் என்னவோ ஜோராக வந்துகொண்டிருந்தன.

இரண்டு மாதம் முன்பு வாடகை அலுவலகத்தை நடத்தும் ப்ரேபென், ஓசோன் வைத்த ஒன்பது வீடுகளை 'க்ளோரின் இல்லாத தொட்டி' என்று விளம்பரம் செய்தான். அதோடு அவள் கையிலிருந்த க்ளோரின் டப்பாவையும் வாங்கிக்கொண்டான். ஓசோன் வேலை செய்த கையோடு கலைந்துபோய்விடும், தண்ணீரில் தங்கிக் காவல் காக்க கொஞ்சமாவது க்ளோரின் வேண்டும் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் ஓசோன் பெட்டியின் ரீங்காரம் கேட்கிறது என்று யாரோ எழுதியதால், சுவரில் உயரத்தில் இருந்த அந்தப் பெட்டியைக் கழற்றித் தொட்டிக்குக் கீழே வைக்கச் சொன்னதும் அவன்தான்.

சோல்வை ஓசோன் பெட்டியின் குழாயைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. பெட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்ததால், தடுப்பு வால்வைத் தாண்டித் தண்ணீர் திரும்பி வந்து பெட்டியைக் கெடுத்துவிட்டது. அதிலிருந்த சிறு பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் முனையில் ஈரக் கீற்றைப் பிடித்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். வெள்ளையாகவே இருந்தது. வந்ததெல்லாம் வெறும் காற்று.

மூடியை இழுத்து மூடினாள். தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ப்ரேபெனைக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் வேன் வந்து நின்றது.

"பூட்டை எடு சோல்வை. ஜெர்மனியில காஸெல்லேர்ந்து ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. தொட்டிக்காகவே இந்த வீட்டை எடுத்திருக்காங்க."

"அதனாலதான் பூட்டினேன்."

"குமிழி வருதே! நானே நேத்து பார்த்தேன்."

"மீன் தொட்டியிலயும்தான் குமிழி வருது. இந்தத் தாளைப் பாரு."

"இது ஒண்ணும் உன் விலாங்குப் பண்ணை இல்ல."

"ஆமா, விலாங்கு செத்தா மிதக்கும், உடனே தெரிஞ்சிடும். இவங்களுக்கு உடம்பெல்லாம் சொறி ஊருக்குப் போனப்புறம்தானே வரும். உனக்கு வசதிதான்."

ப்ரேபெனின் காது சிவந்தது. "பூட்டை எடுக்கலேன்னா திங்கக்கிழமை நீ வரவேண்டாம்."

சோல்வை பூட்டைத் திறந்தாள். அவன் முகம் தெளிவதற்குள் குனிந்து வடிகாலையும் திறந்துவிட்டாள். ஆயிரத்து நானூறு லிட்டர் தண்ணீர் புல்வெளியில் பாய்ந்தது.

"அய்யோ! என்ன பண்றே?"

"பயப்படாதே. உன் விளம்பரத்துலதான் போட்டிருக்கியே, க்ளோரினே இல்லேன்னு. புல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

குளிர்ந்த நிலத்தடி நீரை மறுபடி நிரப்பிச் சூடேற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். அது இருவருக்கும் தெரியும். ப்ரேபென் கையை நீட்டினான். வாடகை வீடுகளின் சாவிக் கொத்தை அவள் அதில் வைத்தாள். பூட்டையும் அதன் சாவியையும் பையில் போட்டுக்கொண்டாள். "இது ரெண்டும் என்னோடது."

அப்போது காஸெல் கார் வந்துவிட்டது. இறங்கிய ஹைட்ருன் என்ற அம்மாள் நேராகத் தொட்டிக்குத்தான் வந்தாள். தண்ணீர் வடிந்த அடியில், நீர் பீச்சும் துளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கோழையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுலயா எங்களை இறங்கச் சொன்னீங்க?" என்றாள் ப்ரேபெனைப் பார்த்து.

"இறங்க விடல," என்றாள் சோல்வை. "கழுவி நிரப்பிட்டுப் போறேன். நாளைக்கு ராத்திரிதான் சூடாகும். அதுவரைக்கும் கடல் இருக்கு, குளிரும்."

வேலை போனவள் ஏழு மணி வரை துளைகளைத் தேய்த்தாள். வேனில் அவன் வாங்கி வைத்திருந்த க்ளோரின் டப்பாவைக் கேட்காமலே எடுத்து, அளந்து போட்டாள். ப்ரேபென் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வேன் அவள் வாசலில் நின்றது. ப்ரேபென் கையில் ஒரு புது ஓசோன் பெட்டி. அதன் மேல் சாவிக் கொத்து.

"மாட்டிக் குடு," என்றான்.

"கீழே மாட்ட மாட்டேன். சுவர்ல, தண்ணிக்கு மேலே."

"சத்தம் கேக்கும்னு எழுதுவாங்களே."

"எழுதட்டும். க்ளோரினும் போடுவேன். விளம்பரத்தை நீ மாத்திக்கோ."

அவன் பெருமூச்சு விட்டான். "மத்த எட்டு வீடு?"

சோல்வை மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய எட்டுப் பூட்டுகள் உறை பிரிக்காமல் இருந்தன.

"தாள் நீலமானா திறப்பேன்," என்று சொல்லிவிட்டு, மிட்டாய் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.