பூசி மறைத்த சுவர்

மதுரையில் பின்கதவைத் தட்டுவதில்லை. தல்லாகுளத்தில் வீடு வாங்கி வந்த புதிதில், நான் அடுப்படியில் நிற்கும்போதே பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி பின்பக்கமாக உள்ளே வந்து, எங்கள் குடத்தை எடுத்து, எங்கள் கிணற்றில் நீர் இறைத்து வைத்துவிட்டுப் போவாள். கோச்சடைப் பக்கம் வயல் உள்ள குடும்பம் அவளுடையது. உதவிதான், ஆனாலும் எனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கும் உங்களுக்கு அது விளங்கும். நமக்கு வேலி இல்லாத வீட்டு வளவு வளவே அல்ல. நான் சிறுமியாயிருந்தபோது ஒரு கார்த்திகைப் புயல் எங்கள் கூரையையும் வேலியையும் ஒரே இரவில் கொண்டுபோயிற்று. விடிந்ததும் அயலார் ஓலையும் கத்தியுமாக வந்துவிட்டார்கள். எங்கள் அப்பு, என் தகப்பனார், வந்தவர்களைக் கொண்டு முதலில் வேலியைத்தான் அடைப்பித்தார். நாங்கள் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, வேலிக்குள் பத்திரமாகப் படுத்திருந்தோம்.

இந்த வைகாசியில் இங்கே அடித்த காற்று அரைமணி நேரந்தான் இருக்கும். ஆலங்கட்டியோடு மேற்கிலிருந்து வந்தது. வேப்பமரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து எங்கள் பின்கட்டின் ஓட்டின்மேல் விழுந்தது. ஓடு போனால் போகட்டும் என்றிருக்கலாம். ஆனால் விழுந்த வேகத்தில் உத்திரம் சுவரை வெளிப்புறமாக நெட்டித் தள்ளிவிட்டது. உச்சியிலிருந்து சன்னல்வரை வெடிப்பு. என் கை உள்ளே போகும். அந்தச் சுவர் சாய்ந்து நின்றது, கிணற்றுக்கும் குளியலறைக்கும் போகிற ஒரே நடைபாதையின்மேல். அந்தப் பாதையில் நாளுக்குப் பலமுறை நடப்பவள் என் மகள் பரமேசு. மருமகனுக்கு மலாயாவில் வேலை. தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள், எட்டு மாதம் முடிந்துவிட்டது.

என் கணவர் கொழும்பில் ஒரு கம்பனிக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர். எதையும் எழுதிப் பதிந்து வைக்கிற மனிதர். வீடு வாங்கியதும் தீக்கும் புயலுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் செய்துவைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை விடாமல் கட்டிவந்தேன். ஆகவே மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போய் ஏஜெண்டைப் பார்த்தேன். பட்டு வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்தவர், மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சென்னையிலிருந்து சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை விழுந்த ஓடு ஒன்றைக்கூட நகர்த்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலைத்தால் கம்பனி ஏற்காதாம்.

சுவருக்கு அடியில் நடப்பவள் கர்ப்பிணி என்றேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனம் கேளாமல் கொத்தனார் கருப்பையாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கம்பனி ஏற்காவிட்டால் பரவாயில்லை, சுவரை இறக்கிவிடலாம் என்று அப்போதே பாதி முடிவு செய்திருந்தேன். அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். இது நிற்காது என்றார். அதற்குள் பரமேசு செம்போடு வெளியே வந்தாள். அவளைக் கண்டதும் கையிலிருந்த கடப்பாரையைத் தரையில் வைத்துவிட்டார்.

“பிள்ளத்தாச்சி இருக்குற வீட்ல கடப்பாரை விழக்கூடாது டீச்சரம்மா. நானும் பிள்ளகுட்டிக்காரன். பொண்ணை சொந்தக்காரவுக வீட்டுக்கு அனுப்பிட்டுச் சொல்லி விடுங்க, வாரேன்.”

சொந்தக்காரர். கடலுக்கு இப்பால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வாடகைக்கு ஓர் அறை பார்க்கலாம் என்றால் நிறைமாதக்காரியை ஏற்க எவரும் துணியவில்லை. பேறு தாய்வீட்டில் என்றே வளர்ந்த எனக்கு, அந்நியரிடம் போய் மகளுக்குத் தயவாக இடம் கேட்க வாய் வரவில்லை. பாதையின் குறுக்கே ஒரு கட்டிலைப் போட்டு மறித்தேன். குளிக்க முன்முற்றத்தில் சேலை கட்டி மறைப்புச் செய்தேன். இரவெல்லாம் சுவரிலிருந்து மண் உதிர்கிற மாதிரி ஒரு பிரமை.

“ஏனம்மா எந்தநேரமும் அந்தச் சுவரையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எனக்குப் பயமில்லை, உங்களைப் பாக்கத்தான் பயமாக்கிடக்கு” என்றாள் மகள்.

சர்வேயர் வரும் நாளைக் கேட்க மறுபடி டவுனுக்குப் போனேன். நாளைக் காலை ரயிலில் வருகிறார் என்ற செய்தியோடு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு திரும்பினால், பாதையில் கட்டில் இல்லை. பரமேசு குளித்து ஈரத்தலையோடு அந்தச் சுவரோரமாகவே மெல்ல நடந்து வருகிறாள். சுவரில் வெடிப்பைக் காணவில்லை. செம்மண்ணும் சாணமும் குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்து, அடியில் காவிப் பட்டையும் தீட்டியிருந்தது. பொங்கலுக்குப் பூசியதுபோல் அவ்வளவு அழகு. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தடுமாறி விழப் பார்த்தாள்.

செல்லத்தாயியும் தெருப்பெண்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை. முழங்கைவரை சுண்ணாம்போடு நின்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: “பிள்ளத்தாச்சிப் பொண்ணு காலையில கண்ணு முழிச்சு வெடிப்பையா பாக்குறது? வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அதான் நீங்க வாரதுக்குள்ள பூசிவிட்டுட்டோம்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? அபாயம் அப்படியே இருந்தது. அதை எல்லாரும் அஞ்சி ஒதுங்கச் செய்த அடையாளம் மட்டும் போய்விட்டது.

சர்வேயர் வந்தார். பிரம்பால் சுவரைத் தட்டினார், நகத்தால் சுரண்டினார். பழைய வெடிப்பைப் பூசி மறைத்திருக்கிறீர்கள் என்றார். நேற்றுப் பூசியது, பூசிய காரணம் இது என்று விளக்கினேன். அவரும் தமிழர்தான். காரணம் அவருக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதைத் தாம் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டார். மேலதிகாரி ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அதுவரை தொடக் கூடாது என்றார். எப்போது வருவார் என்றதற்குத் தோளைக் குலுக்கினார். அவர் தட்டிய இடத்தில் ஒரு கட்டிச் செம்மண் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலிருந்து மணல் சரசரவென்று, நிற்காமல், கொட்டிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் நின்ற செல்லத்தாயி சும்மா இருக்கவில்லை. “எம்புட்டுத் தட்டுனாலும் அது உண்மையச் சொல்லாது சார். உங்க வீட்டுப் பிள்ளத்தாச்சிய இதுக்கடியில ஒரு நட நடக்கச் சொல்வீகளா?” என்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மணல் கொட்டுகிற அந்தச் சத்தம் என் வாயைத் திறந்தது. அவர் தெருவைத் தாண்டுமுன்பே செல்லத்தாயியிடம் கேட்டேன். வில்லாபுரத்தில் அவள் தங்கை இருக்கிறாள் அல்லவா, பேறுவரை என் மகளை அங்கே வைத்துக்கொள்வார்களா என்று. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“இதக் கேக்கவா இம்புட்டு நாளு? நாங்களாச் சொன்னா எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதோன்னு நானுல்ல வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்.”

எங்களிடையே வேலி இல்லை என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொன்று கட்டி வைத்திருந்திருக்கிறோம்.

அன்று மாலையே ஒற்றைமாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பரமேசுவை ஏற்றினோம். கூடவே செல்லத்தாயி உட்கார்ந்துகொண்டாள். என்னையும் வரச்சொன்னார்கள், ஆனால் வீட்டுக்காரி நிற்காமல் கொத்தனார் கை வைக்க மாட்டார். விடிந்ததும் கருப்பையா ஆட்களோடு வந்தார். கடப்பாரைக்கு வேலையே இருக்கவில்லை. இரண்டு பேர் மூங்கிலால் நெட்டியதும் முழுச்சுவரும் பாதையை நிரப்பிக்கொண்டு விழுந்தது. பரமேசு செம்பு வைக்கும் கல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கம்பனியிலிருந்து இனி எதுவும் வராது என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த நல்ல நாளில் புதுச்சுவருக்கு முதற்கல் வைத்தோம். மஞ்சள் பூசிய செங்கல்லின்மேல் கருப்பையா கற்பூரம் ஏற்றினார். இங்கே வீட்டுக்காரர் தங்கள் குலசாமி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்ட பிறகே கொத்தனார் கரண்டியைத் தொடுவார். உங்க சாமி எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கே, கடலுக்கு அப்பால் என்றேன். வலி கண்டிருக்கிறது என்று அதிகாலையில் வில்லாபுரத்திலிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தான். கல் வைத்ததும் புறப்பட வண்டி வாசலில் நின்றது. கைகூப்பிக் கண்ணை மூடினேன்.

“கெழக்கன்னு சொன்னீக டீச்சரம்மா. தெக்கப் பாத்துல்ல நிக்கிறீக” என்றார் கருப்பையா.

வில்லாபுரம் தெற்கே இருக்கிறது. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கற்பூரம் அணையும்வரை நான் திரும்பவில்லை.