உட்கார்ந்து செய்யும் வேலை

"பொறுமையின் இருப்பிடம், எங்கள் குலவிளக்கு" என்று தொடங்கச் சொன்னார் மாமா. அம்மா பொறுமையின் இருப்பிடம் அல்ல. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் டிரைவரிடமே காரணம் கேட்பவர். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை அறிந்தவர்களின் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் உண்மையை எழுதுவதே மரியாதை என நினைக்கிறேன். நானும் அம்மாவும் ஆறேழு வருடம் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி வாழ்ந்தோம்.

அம்மா மடுல்கெல்லவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. முதலில் தம்பியை, அதாவது என் மாமாவை, இடுப்பில் சுமந்தார். பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைச் சுமந்தார். எனக்கு நான்கு வயதானபோது அப்பா காலமானார். அதன்பின் அம்மா மலைக்குப் போகாத நாளென்றால் காய்ச்சல் நாளும் தேர்த் திருவிழா நாளும்தான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு ஆள் போகாவிட்டால் வீடும் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் தேறினேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் குறைந்தது. உறவினர்கள் கார்மெண்ட் தையல் வேலையைச் சொன்னார்கள். எனக்கோ தமிழ் ஆசிரியையாக ஆசை. அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளினார். "கார்மெண்ட்ல உட்கார்ந்தா எந்திரிக்க விடமாட்டாங்க. டீச்சருனா உட்கார விடமாட்டாங்க."

அவர் மனதில் வேறொரு வேலை இருந்தது. ஒருமுறை கண்டியில் அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். "அந்தப் புள்ள என்னைய நிக்க வச்சிட்டு, கண்ணாடிக்கு அங்கிட்டுப் போயி, கதிரையில உட்கார்ந்து ஒரு பொத்தான அமுக்குச்சு. அம்புட்டுத்தான் வேல!" அம்மா பார்த்த அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

கண்டியில் புத்தகக் கடையில் வேலை செய்த மாமா, விளம்பரத் தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். "கதிரியல் தொழில்நுட்பப் பட்டம்" என்று வாசித்தார். அம்மா துள்ளினார். "கதிரையா? பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" கதிர் வேறு, கதிரை வேறு என்று மாமா எவ்வளவோ விளக்கினார். அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று சனிக்கிழமைகள், மூன்று கல்லூரிகள். கட்டணத்தை மாதாமாதம் கட்டலாமா என்று மாமா கேட்பார். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், பட்டத்துக்கு அரசாங்கப் பதிவு கிடைக்குமா, வெளிநாட்டில் செல்லுமா என்று நான் கேட்பேன். அம்மாவின் கேள்வி கடைசியில் வரும்: "உட்கார்ந்து செய்யிற வேலையாங்க?" முதலாவது இடத்தில் ஒரு பெண் சிரித்தாள். இரண்டாவது இடத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர், பதிவு என்றதும் தண்ணீர் குடித்தார். மூன்றாவது, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய கல்லூரி. மூன்றில் அங்கேதான் கட்டணம் குறைவு. அங்கிருந்த சிங்களப் பெண்மணி பதிவுக் கடிதத்தை எடுத்துக் காட்டிவிட்டு, "படிச்சி முடிச்சி எக்ஸாம் பாஸ் பண்ணணும் அம்மே. பாஸ் பண்ணினா வேல இருக்கு. கதிரையும் இருக்கு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போன முதல் நாளே கதிரையைப் பார்த்தேன். உட்காரத்தான் நேரமில்லை. நோயாளியைத் தூக்க வேண்டும், திருப்ப வேண்டும், வார்டு வார்டாக மெஷினைத் தள்ள வேண்டும். மாலையில் அம்மாவின் போன் வரும்.

"உட்கார்ந்திருக்கியா?"

"உட்கார்ந்துதாம்மா இருக்கேன்" என்பேன், நின்றுகொண்டே.

இரண்டாம் வருடத்தில் அம்மாவும் ஒரு நல்ல செய்தி சொன்னார். "இப்ப நான் மலைக்குப் போறதில்ல. புள்ள மடுவத்துல போட்டுட்டாங்க. உட்கார்ந்துக்கிட்டே புள்ளைங்களப் பாத்துக்கிறேன்." நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படித்து முடித்ததும் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மாமா கணக்குப் போட்டபடியே நல்ல சம்பளம். நிலத்தடி அறை, ஜன்னல் கிடையாது. அந்த அறை எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா ஏறி இறங்கிய மலைகளை நினைத்தால் அதை எப்படி விடுவது? அம்மாவைக் கண்டிக்கு வரச் சொன்னால், "நான் வந்துட்டா லயத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நாளைக்கு உனக்கு வேல புடிக்கலைன்னா எங்க போயி நிப்ப?" என்பார். அவருக்காக நான் அறையை விடவில்லை. எனக்காக அவர் லயத்தை விடவில்லை. பாசத்தாலேயே ஒருவரையொருவர் கட்டிப்போட்டுவிட்டோம்.

ஒரு மழைநாள் காலையில் அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே துண்டில், கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்தவர் என்று எழுதியிருந்தது. அதை நான் இரண்டு முறை வாசித்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரைத் தூக்கி, திருப்பி, எக்ஸ்ரே தட்டை வைத்து, ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கி, மறுபடி ஓடி வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கதிரையில் என் கைப்பை இருந்தது.

"அந்தக் கதிரையில எப்பவும் பேக்குதான் உட்காருமா?" என்றார் அம்மா.

"புள்ள மடுவத்துல இப்பிடி வழுக்குமா?" என்றேன் நான்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அம்மாவுக்கு இடுப்பு வலித்தது, அழுதார். நானும் அழுதேன்.

"எப்பயிருந்தும்மா தெரியும்?"

"மொத வருசமே தெரியும். உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுவ, செருப்புச் சத்தம் கேக்கும்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அம்மா அதன்பின் நிற்கவே இல்லை. மாமா வீட்டில் நான்கு மாதம் படுத்திருந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. எங்கள் மடியிலேயே போனார். லயத்து வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அறையை விட்டால் போய் நிற்க எனக்கு இடமில்லை.

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி மலையிலிருந்து இறக்கிய தோட்டத்துச் சகோதரிகளுக்கும், வத்துகாமம் வழியாக வேனைப் பறக்கவிட்ட டிரைவர் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அத்தைக்கும், மாமாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

இதை மதிய இடைவேளையில் அதே அறையில் எழுதுகிறேன். கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன்.

உட்கார்ந்துதாம்மா இருக்கேன்.