தவிட்டியின் தயக்கம்

என் கணவர் பதினோரு வருடம் குதிரை நடத்தினார். ஓட்டவில்லை, நடத்தினார். உடல் ஊனமுற்றவர்களுக்குக் குதிரைச் சவாரியைச் சிகிச்சையாகத் தரும் ஒரு மையத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தோளோரமாக மணல் வட்டத்தைச் சுற்றி வருவது அவர் வேலை. மேலே இருப்பவர் விழாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் உண்டு. குதிரை சீராக நடக்கிறதா என்பது மட்டும் அவர் கவலை. அதன் இடுப்பு அசைகிற சீரில் மேலே இருப்பவரின் இடுப்பும் அசையும். நடந்தே அறியாத உடம்புக்கு நடை என்றால் என்ன என்று அப்படித்தான் தெரியவரும்.

அதற்கு முன் லாரி ஓட்டினார். "ஹாரன் இல்லாத வண்டி ஒண்ணு கிடைச்சிருக்கு" என்று சொல்லித்தான் இதில் சேர்ந்தார். வீட்டில் நான் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். குதிரையிடம் மட்டும் வாய் ஓயாது. தவிட்டு நிறத்தில் ஒரு கிழப் பெண்குதிரை, அவருக்கென்றே ஒதுக்கியது. தவிட்டி என்று கூப்பிடுவார். அவர் சட்டைகளை அலசினால் குளியலறைச் சாக்கடை அதன் முடியால் அடைத்துக்கொள்ளும்.

கடைசி இரண்டு வருடம் அவருடைய இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஏழெட்டு அடிக்கு ஒரு முறை மடங்கப் பார்க்கும். ஒரு கணம் நின்று, பல்லைக் கடித்து, அடுத்த அடி வைப்பார். நொண்டுகிறவர் குதிரை நடத்தக் கூடாது என்பது மையத்தின் விதி.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"காட்டினா காலு சரியாகுதோ இல்லையோ, வேலை போயிடும். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

தவிட்டி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. முழங்கால் மடங்குவதற்கு முந்தைய கணத்தில் தானே தயங்கி நிற்கப் பழகிக்கொண்டது. பார்ப்பவர்களுக்குக் குதிரை நின்றதால் மனிதர் நின்றதாகத் தோன்றும். சிகிச்சையை மேற்பார்க்கும் பிசியோ அம்மா அதட்டினால், "இவ சோம்பேறிம்மா, என்ன பண்ண?" என்று சிரித்துவிடுவார்.

அவர் போனது மாரடைப்பில். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது வாரம், அவருடைய பூட்சையும் தொப்பியையும் வாங்கி வர மையத்துக்குப் போனேன். வட்டத்தில் புது ஆள் ஒருவர் தவிட்டியை நடத்திக்கொண்டிருந்தார். நெட்டையான, கால் நன்றாக இருக்கிற ஆள். பூட்ஸை வாங்கிக்கொண்டு நின்றபோது என் முதுகு வேலிப் பக்கம். மணலில் குளம்புச் சத்தம் கேட்டது. ஏழு அடி. ஒரு நிறுத்தம். பிறகு மறுபடி ஏழு. சமையலறையிலிருந்து கூடத்துக்கு அவர் வரும் சத்தம் அது. திரும்பிப் பார்த்தேன். கயிறு விறைத்திருந்தது. தவிட்டி மட்டும் நின்று, தன் இடது பக்கம், புது ஆளின் தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே மகாராணி. இருபத்திரண்டு வயதுப் பெண், எல்லோருக்கும் உத்தரவு போடுவதால் அந்தப் பெயர். வார்த்தைகள் மெதுவாகத்தான் வரும்.

"அக்கா, அண்ணன் இன்னும் நடக்கறாரு."

"மகாராணி, பேய்க்கதை போதும். நிமிர்ந்து உக்காரு" என்றார் பக்கத்தில் நடப்பவர்.

"பேய்னா பயமா இருக்கணும். இவருக்குக் கால் வலிக்குது, நிக்கிறாரு. அவ்ளோதான்."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடம் மேலே உட்கார்ந்து பார்த்தும் மூச்சு விடவில்லை.

பிசியோ அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "கால்நடை டாக்டர் ரெண்டு தடவை பாத்துட்டாரு. கால்ல குறை ஒண்ணுமில்ல. ஆனா இப்படி நின்னு நின்னு நடந்தா சிகிச்சைக்கு ஆகாது. மாசக் கடைசியில லாரி வருது."

"எங்கே போகும்?"

"வயசு பதினெட்டு. எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும்."

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் இப்போது இல்லை. அவர் முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு வருஷமா குதிரையைத் திட்டியிருக்கேன்" என்றார் பிசியோ அம்மா. "பழக்கம்தான்னா மாத்திப் பாக்கலாம். ஆனா புது ஆள் சொல்லி அது கேக்கலையே."

"நான் நடத்தறேன்."

"உங்களுக்குக் குதிரை பழக்கமா?"

"இல்ல. அவரு நடை பழக்கம். எப்போ நிப்பாருன்னு தெரியும்."

தினமும் காலையில் நூலக வேலைக்குக் கிளம்பும் முன் போனேன். தயக்கம் வருவதற்கு ஓரடி முன்னால் கழுத்தில் கைவைத்து, நிற்காமல் நான் நடந்துவிட வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். முதல் பத்து நாள் நான் அதைச் செய்யவில்லை. தவிட்டி தயங்கியபோதெல்லாம் நானும் நின்றேன். நிற்பதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த அரைக் கணத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கினார்.

ஏறுமேடையில் சக்கர நாற்காலியில் காத்திருந்த மகாராணி ஒருநாள் பொறுமை இழந்தாள். "அக்கா, நீங்க அவரோட நின்னுட்டே இருங்க. இவ லாரி ஏறட்டும்."

அன்றிலிருந்து நடந்தேன். கயிறு விறைக்கும், தவிட்டி தலையைச் சிலுப்பும், நான் நடப்பேன். பத்தில் ஒன்று சரியாக வந்தது. பிறகு பத்தில் ஆறு. ஒவ்வொரு தயக்கமாகக் குறைந்தபோதும் என் கையாலேயே எதையோ துடைத்தெடுப்பது போல இருந்தது.

மாதக் கடைசியில் பிசியோ அம்மா வேலியோரம் வந்து நின்றார். மகாராணி மேலே. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதில், ஏழாவது அடிக்கு முன், தவிட்டி இடது காதை என் பக்கம் திருப்பியது. நிற்கட்டுமா என்று கேட்பது போல. என் முழங்கால் தானாகவே மடங்கப் பார்த்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தேன். அதுவும் வைத்தது.

"போதும். இவ இங்கேயே இருக்கட்டும்" என்றார் பிசியோ அம்மா.

மகாராணி ஏதோ கத்தினாள், பக்கத்தில் நடப்பவர் சிரித்தார். எனக்குக் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எந்தக் குதிரையுடையதாகவும் இருந்திருக்கலாம்.