வடலூர் வண்டியில் போன பை

கடலூர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் ஒருவர் இருந்தார். காதோரம் நரை, கழுத்தில் விசில். உள்ளே வரும் வண்டியை அவர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று கண்டுபிடித்து நோட்டில் நேரம் எழுதுவார்.

அன்று சிதம்பரத்தில் எனக்கு வேலைக்கான நேர்காணல். இரண்டு பேருந்துகள் ஒன்றாக உள்ளே நுழைந்தன. இடம் பிடிக்கும் அவசரத்தில் போர்டைப் பார்க்காமல் ஜன்னல் வழியே பையைப் போட்டுவிட்டேன். நெரிசலில் ஏற முடியவில்லை. வண்டி நகர்ந்தபோதுதான் பின்னால் ‘வடலூர்’ என்று படித்தேன். பைக்குள் என் அசல் சான்றிதழ்கள் மொத்தமும்.

அழுதுகொண்டே அவரிடம் ஓடி, பை வடலூர் வண்டியில் போய்விட்டதைச் சொன்னேன்.

“எந்த சீட்டும்மா?” தலை நோட்டிலேயே இருந்தது.

“டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சார்.”

கண்டக்டருக்குப் போன் போட்டார். “குள்ளஞ்சாவடில எதிர்ல வர்ற வண்டில குடுத்து அனுப்பு.”

“அதுக்குள்ள யாராவது எடுத்துட்டா?”

“சீட்டு புடிச்ச பைய எவனும் தொடமாட்டாம்மா. திட்டிக்கினே நின்னுட்டு வருவானே தவிர, தொடமாட்டான்.”

ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்காராமல் நின்றேன். திடீரென்று, “உங்க பை வந்துட்டுது” என்றார். அதற்கப்புறம்தான் வண்டி வளைவில் திரும்பியது. டிரைவர் ஜன்னல் வழியே பையை நீட்டினார். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“சிதம்பரம் வண்டி அதோ நிக்குது. இந்த வாட்டி மொதல்ல நீங்க ஏறுங்க, பை அப்பறம் ஏறட்டும்.”

அதையும் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். இன்று எதிரே போய் நின்றாலும் என் முகம் அவருக்குத் தெரியாது. “சார்” என்று கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.