நஸ்னீன் அளந்த மண்டபம்

செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய அந்தக் கல்யாண மண்டபத்துக்கு ஒரே ஒரு கெட்ட பெயர்தான். வண்டி நிறுத்த இடம் தாராளம், சமையற்கட்டு பெரியது, ஆனால் மைக்கில் யார் பேசினாலும் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. உரிமையாளர் பரசுராமன் ஆம்ப்ளிஃபயரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். சத்தம் கூடியதே தவிர பேச்சு தெளியவில்லை. எட்டு ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு இன்னும் பெரிதாக மாட்டச் சொன்னார் ஒரு வியாபாரி. அதற்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஊரில் சவுண்டு சர்வீஸ் நடத்தும் ஜுனைதை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டார்.

ஜுனைத் தன் அக்கா நஸ்னீனோடு வந்து இறங்கினான்.

"நீ பாத்துச் சொல்லுவேன்னுதானேப்பா கூப்ட்டேன்?" என்றார் பரசுராமன்.

"எனக்கு வயரு இழுக்கத் தெரியும் சார். அளக்கறதெல்லாம் ஆபாதான்," என்று அக்காவைக் காட்டினான்.

நஸ்னீன் லேப்டாப் பையை மேடையில் வைத்தாள். "ஒரு நாள் டைம் குடுங்க சார். அதுக்கப்பறமும் புரியலன்னா புதுசு வாங்கிக்குங்க. நானே எது வாங்கணும்னு எழுதித் தரேன்."

அவள் குரலில் தயக்கம் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கைபேசித் தொழிற்சாலையில் ஏழு வருஷம் அவளுக்கு இதே வேலை. சத்தம் புகாத பெட்டிக்குள் கைபேசியை வைத்தால் அதன் ஸ்பீக்கர் உறுமலில் தொடங்கி விசில் வரை ஒரு முறை ஏறி இறங்கும். திரையில் ஒரு கோடு எழும். கோடு எல்லையைத் தாண்டினால் அந்தக் கைபேசி கூடைக்குப் போகும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் கேட்டுக் கேட்டு, திரையில் கோடு விழும் முன்பே எது கூடைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்த வேலையை மெஷினே செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு வந்தவள் பத்து நாள் கூட சும்மா இருக்கவில்லை. கைபேசிக்கு உள்ளது மண்டபத்துக்கும் உண்டுதானே என்று யோசித்து, பென்சில் மாதிரி ஒல்லியான ஓர் அளவு மைக்கை வரவழைத்து, தம்பியின் ஸ்பீக்கர்களையே ஒவ்வொன்றாக அளந்து பழகினாள்.

மண்டபத்தில் அவள் முதலில் தேடியது மைக்கையோ வயரையோ அல்ல, ஒரு காதை. பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த காந்தா கிடைத்தாள். முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள்.

"காந்தாம்மா, அஞ்சு நிமிஷம் இங்க கடைசி சேர்ல உக்காருங்க. தம்பி மேடைலருந்து ஒரு ஒரு வார்த்தையா சொல்லுவான். காதுல வுழுந்தத அப்டியே எங்கிட்ட சொல்லுங்க."

ஜுனைத் இருபது சொற்களைப் படித்தான். பல், கல், நெல், வில், புல் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒலிப்பவை. காந்தா சரியாகச் சொன்னது ஒன்பது.

"எல்லாமே 'அல்லு, அல்லு'ன்னுதாம்மா கேக்குது," என்றாள்.

நஸ்னீன் கூடத்தின் நடுவில் மைக்கை நிறுத்தினாள். எட்டு ஸ்பீக்கரும் ஒரே குரலில் உறுமி, ஏறி, விசிலடித்து அடங்கின. திரையில் கோடு மலையும் பள்ளமுமாக வந்தது. இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, மேட்டைக் குறைத்து, பள்ளத்தைத் தூக்கி, கோட்டைச் சமமாக்கினாள். பரசுராமனுக்கே பார்க்க அழகாக இருந்தது. மறுபடி காந்தாவை உட்கார வைத்தார்கள். இந்த முறை பத்து.

"கோபிச்சுக்காதம்மா, இன்னும் கொழகொழன்னுதான் இருக்குது."

பரசுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நஸ்னீனுக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். தொழிற்சாலையில் கைபேசிக்கு ஒரே காது; பெட்டிக்குள் அது இருக்கும் இடமும் ஒன்றே. இங்கே அறுநூறு நாற்காலி. நடுக்கூடத்தில் உட்காருபவருக்கு மட்டும் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது.

"தப்பு எம்மேலதான் சார். மைக்க ஒரே எடத்துல வச்சிட்டேன். மதியம் சாப்ட்டு வந்து திரும்ப அளக்கறேன்."

பிற்பகலில் மைக்கைப் பதினான்கு இடங்களில் வைத்தாள். கடைசித் தூணருகே கோடு திடீரென்று குழியில் விழுந்தது. ஜுனைத் ஏணியில் ஏறி அந்தத் தூணில் இருந்த ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றினான்.

"ஆபா! செவப்பும் கறுப்பும் மாத்தி மாட்டிக்கிறான்!"

பக்கத்து ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது இது பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்றின் பேச்சை மற்றது விழுங்கிவிட்டது. வயரை மாற்றிப் போட அரை நிமிஷம்.

பெரிய தப்பு இன்னும் இருந்தது. மேடை ஸ்பீக்கரின் சத்தம் காற்றில் நடந்து பின்வரிசைக்கு வர வேண்டும். பின்தூண் ஸ்பீக்கருக்கோ அது கம்பி வழியாக உடனே போய்விடுகிறது. பின்னால் இருப்பவர் 'கல்' என்ற சொல்லைத் தூணிலிருந்து கேட்டு முடிப்பதற்குள் மேடையிலிருந்து இன்னொரு 'கல்' வந்து அதன்மேல் விழுகிறது. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மில்லி செகண்ட். நஸ்னீன் டேப் பிடித்து அளந்தாள். மேடை ஸ்பீக்கரிலிருந்து தூண் இருபத்து நான்கு மீட்டர். பின்தூண் ஸ்பீக்கர்களை எழுபது மில்லி செகண்ட் காத்திருந்து பேசச் சொல்லி, ஸ்பீக்கர்களைக் கட்டுப்படுத்தும் மெஷினில் பதித்தாள்.

ஜுனைத் சொற்களை வரிசை கலைத்துப் படித்தான். இந்தத் தடவை காந்தா யோசிக்கவே இல்லை. பதினெட்டு.

"வில்லுன்னு சொன்னா வில்லுன்னே கேக்குதும்மா," என்று சொல்லிவிட்டு, பாத்திரம் காய்கிறது என்று எழுந்து போனாள்.

"மீதி ரெண்டு?" என்றார் பரசுராமன்.

"அது செவுரு சார். மொத்தமும் டைல்ஸ் ஒட்டி வச்சிக்கிறீங்க. பின்செவுத்துக்கு கனமா தெர போடுங்க. அத எந்த மெஷினாலயும் திருத்த முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா பட்டுத்தறிக்காரர், குரல் எழும்பாத மனிதர். நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தவர், மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று வாசலில் சேற்றில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். முன்வரிசை சிரித்த அதே நொடியில் கடைசி வரிசையும் சிரித்தது. கதவோரம் நின்றிருந்த நஸ்னீனும் சிரித்தாள். அந்தக் கதை அவளுக்கும் முழுசாகக் கேட்டிருந்தது.

புது ஸ்பீக்கர் வாங்கும் பேச்சு அதோடு போயிற்று. மறுவாரம் பரசுராமன் அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய், அங்கிருந்த நான்கு ஸ்பீக்கரையும் இதே மாதிரி சரிசெய்து தரச் சொன்னார். நஸ்னீன் அளக்கவே இல்லை. பந்தி நடக்கும்போது பத்து நிமிஷம் நின்று கேட்டாள்.

"இங்க எதுக்கு சார் ஸ்பீக்கரு? சாப்புடறப்போ ஜனங்க பேசிக்கினு இருக்காங்க, பேசட்டும். நாலையும் கழட்டிடுங்க."

பரசுராமன் பந்தியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜுனைதை ஏணி கொண்டுவரச் சொன்னார்.